என் அட்டவணையில் தூக்கத்துக்குக் கட்டம் இல்லை

தியானம் செய்து ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதில் அப்படி என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்றுதான் கேட்டிருப்பேன். எனக்கு அது நடந்தது. ஒன்றரை வருடமும் நான்கு மாதச் சம்பளத்துக்கு நிகரான பணமும் அதில் போயின. நடந்தது என்ன என்பதற்கு ஒரு பெயர் கிடைக்கவே பல மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு போனை வைத்துக்கொண்டு 'தியானம் செய்தால் பயம் வருமா' என்று தேடிக்கொண்டிருப்பேன். தமிழில் எனக்கு அகப்பட்டதெல்லாம் தியானத்தின் நன்மைகள்தான். அன்று எனக்குத் தேவைப்பட்டதை இப்போது நானே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தியானத்துக்கு எதிரி இல்லை. இன்றும் உட்காருகிறேன். எதைக் கவனித்து, எவ்வளவு நேரம் உட்காருகிறேன் என்பதுதான் மாறியிருக்கிறது.

அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்து போனார். அந்த எட்டு மாதமும் வேலை, வீடு, மருத்துவமனை என்று ஓடியதில் அழக்கூட நேரமில்லை. கடைசி வாரத்தில் அவருடைய மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு மூச்சு போகும், அடுத்தது வர நேரமாகும். வருமா வராதா என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் வரும். எல்லாம் முடிந்து வீடு அமைதியானபோது என் தூக்கம் போயிற்று. தோழி ஒருத்தி அனுப்பிய பத்து நிமிட ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டு படுக்கத் தொடங்கினேன். பாதத்திலிருந்து தலைவரை உடம்பைத் தளர்த்தச் சொல்லும் எளிய பயிற்சி. நல்ல பலன் கிடைத்தது. இரண்டு வாரத்தில் ஓரளவு தூங்கினேன், அலுவலகத்தில் சிடுசிடுப்பு குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கே இவ்வளவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

ஒரு புது நோட்டு வாங்கினேன். கோடு போட்ட இரட்டைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து மூன்று பத்தி பிரித்து, மேலே மனம், உடல், ஆன்மா என்று எழுதினேன். மனத்துக்குக் கீழே ஆறு குறிக்கோள், உடலுக்கு ஆறு, ஆன்மாவுக்கு ஐந்து. காலை நான்கு மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் தியானம், மாலையில் இன்னொரு மணி நேரம், ஓட்டம், எடை குறைப்பு, வாரம் ஒரு புத்தகம், கோபப்படாமல் இருப்பது, தினமும் நன்றி எழுதுவது என்று போகும் அது. முடித்ததற்குப் பச்சை மையில் டிக், முடிக்காததற்குச் சிவப்பில் வட்டம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது புரட்டினால் முதலில் கண்ணில் படுவது அதில் இல்லாத ஒன்றுதான். பதினேழு கட்டத்தில் தூக்கத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. துக்கம் என்று ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே அந்தப் பக்கங்களில் எங்கும் தெரியாது. அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் அந்தக் கோடுகளைப் போட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

தியானத்துக்கென்று போனில் ஒரு செயலியும் வைத்திருந்தேன். தொடர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று அது எண்ணிக் காட்டும். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். 21 கடந்தது, பழக்கமாகவில்லை. ஒவ்வொரு விடியலும் என்னை நானே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டியிருந்தது. எனக்கு மனவலிமை போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இறுக்கினேன். அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அது வாய்வழியாகப் போய்ப் போய் எல்லாப் பழக்கத்துக்குமான சட்டமாகிவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும். 96 பேரை 12 வாரம் கவனித்ததில், ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவாக 66 நாள். எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது அதே ஆய்வில் வந்த இன்னொரு விஷயம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது அப்படியொன்றும் கெட்டுவிடுவதில்லை. இது முன்னமே தெரிந்திருந்தால் 102-ஆவது நாள் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். தொடர் அறுந்துவிடும் என்ற பயத்தில்தான் உட்கார்ந்தேன். நீங்களும் அப்படியொரு செயலி வைத்திருந்தால் முதல் வேலையாக அந்த எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். அன்றைக்கு உட்காரக் காரணம் அந்த எண் மட்டும்தான் என்றால் அன்று உட்கார வேண்டாம்.

உடம்பு அப்போதே பேசத் தொடங்கியிருந்தது. படுக்கப் பதினொன்று ஆகும், எழுவது நான்கு. ஐந்து மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது எல்லா மருத்துவரும் சொல்வதுதான், எனக்கும் தெரியும். தியானம் செய்பவர்களுக்குத் தூக்கம் குறைவாகவே போதும் என்று யாரோ சொன்னதை அதைவிட அதிகமாக நம்பினேன். ஒரு நாள் அசையாமல் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது இடது பாதம் தூக்க வரவில்லை. தரையில் இழுபட்டது. பத்து நிமிடத்தில் சரியாயிற்று. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. வெகுநேரம் அழுந்தினால் பாதம் இப்படித் தொங்கும், அடிக்கடி அழுத்தினால் சரியாக வாரக்கணக்கில்கூட ஆகலாம். மரத்துப்போனால் காலை மாற்றுங்கள், நாற்காலியில் உட்காருங்கள். அசைந்தால் தியானம் கலைந்துவிடும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வேகமாக மூச்சு விடும் பயிற்சி ஒன்றைக் காணொளி பார்த்துச் செய்ததில் விரல்கள் சுருண்டு உதடு விறுவிறுத்தபோது, சக்தி ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அப்படி ஆகும் என்று பிற்பாடு மருத்துவர் விளக்கினார். இப்படி ஏற்பட்டால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாவது மாதம் ஏழு நாள் மௌன முகாம் ஒன்றில் சேர்ந்தேன். கட்டணமும் பயணமுமாக ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. விண்ணப்பத்தில் மனநலப் பிரச்சினை உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணவில்லை. அம்மா போனது நோயில்லை, தூக்கம் வராதது நோயில்லை என்றுதான் நினைத்தேன். சமீபத்தில் நெருங்கிய ஒருவரை இழந்தீர்களா, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று அந்தத் தாளில் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். இழப்பு, விபத்து, முன்பு வந்த மனச்சோர்வு, குடும்பத்தில் யாருக்காவது இருந்த மனநோய், சாப்பிடும் மருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதைத் தெரிந்தும் என்னைச் சேர்ப்பீர்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் முதுகுவலியோடும் தூக்கக் கலக்கத்தோடும் கழிந்தது. மூன்றாம் நாளிலிருந்து மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். காலையிலிருந்து இரவுவரை, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல். பேசக்கூடாது, எழுதக்கூடாது, போன் கிடையாது. நான்காம் நாள் மதியம் மூச்சு மிக மெல்லியதாகி, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. மனம் தானாக எண்ணத் தொடங்கிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அடுத்த நொடி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை சில்லிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கூடத்தில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தார்கள். அன்று இரவு ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. மறுநாள் காலை பயிற்றுநரிடம் அனுமதி வாங்கிப் போய்ச் சொன்னேன். 'நல்லதும்மா, உள்ளே கிடக்கிற அழுக்கு வெளியே வருது. விடாமல் உட்காருங்க, தானாகப் போயிடும்' என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கறையோடுதான் பேசினார். அதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மீதி நாட்களும் இருந்தேன். பாதியில் கிளம்பினால் நோட்டில் சிவப்பு வட்டம் போட வேண்டியிருக்குமே என்ற நினைப்பும் உண்மையிலேயே எனக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் விரல்மேல் விழுகிறது, அதன் குளிர்ச்சி தெரிகிறது. ஆனால் அந்தக் கை என்னுடையது இல்லை. யாரோ ஒருத்தி கழுவுவதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். டம்ளரை வைத்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நகம், மோதிரம், பழைய தீக்காயத் தழும்பு எல்லாம் என்னுடையதுதான், ஆனாலும் என்னுடையதாக இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முழுசாக நம்பினேன். அந்த பயத்தில் நான் செய்ததுதான் பெரிய தவறு. தியானத்தை இன்னும் அதிகமாக்கினேன். சரியாகச் செய்யாததால்தான் இப்படி என்று நினைத்துக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். இணையத்தில் இரண்டு உயர்நிலை வகுப்புகளுக்குப் பணம் கட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தியானம் செய்பவள் என்று பெயர் எடுத்துவிட்டு, எனக்கு பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் கண் அசரும். வேலையில் ஒரே கணக்கை மூன்று தடவை தப்பாக அனுப்பிய பிறகு, வேறு வழியில்லாமல் சம்பளமில்லாத விடுப்பில் போனேன்.

அக்காதான் பிடித்தாள். ஒரு நாள் சொல்லாமல் வந்து நின்று, என்னைப் பார்த்ததும் 'ஏண்டி, கண்ணாடியே பாக்கறதில்லையா நீ? என்ன ஆச்சு, எங்கிட்ட சொல்லு' என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அவர் முதல் பதினைந்து நிமிடம் தியானத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது கடைசியாக வயிறாரச் சாப்பிட்டீர்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, யாரும் இல்லாதபோது குரல் ஏதாவது கேட்கிறதா என்று நிதானமாகக் கேட்டார். தைராய்டு, இரத்தசோகை, பி12 எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். தன்னிடமிருந்தே விலகி நிற்பதுபோன்ற அந்த உணர்வுக்கு மருத்துவத்தில் டிபெர்சனலைசேஷன் (depersonalization) என்று பெயர், கடும் பதற்றத்திலும் தூக்கமின்மையிலும் பலருக்கு வருகிறது, பைத்தியத்தின் அறிகுறி இல்லை என்றார். 'இது கனவு மாதிரி இருக்குன்னு உங்களுக்கே தெரியுது இல்லையா, அந்தத் தெளிவு உங்ககிட்ட இருக்கு' என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சரியாக மூச்சு வந்தது. தியானத்தை முழுக்க நிறுத்தச் சொன்னார். குறுகிய காலத்துக்கு மருந்தும் எழுதினார், ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார்.

அந்த ஆலோசகர் மூன்றாவது சந்திப்பில் கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன். மூச்சைக் கவனிக்கும்போது யாருடைய ஞாபகமாவது வருகிறதா என்றார். யோசிக்காமலே 'அம்மா' என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அரை மணி நேரம் அழுதேன். சாகப்போகிறவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவளை, எட்டு மாதம் கழித்து ஒன்பது மணி நேரம் மூச்சை மட்டும் பார் என்று உட்கார வைத்ததில் வேறென்ன நடக்கும்? மூச்சு எல்லாருக்கும் பாதுகாப்பான இடம் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், நீரில் மூழ்கிப் பிழைத்தவர்கள், மூச்சடைக்கும் பயம் வந்தவர்கள், என்னைப்போல் ஒரு மூச்சை நின்றுபோகும்வரை பார்த்தவர்கள், இவர்களெல்லாம் கவனத்தை வேறெங்காவது வைக்கலாம். தரையில் பதிந்த பாதம், மடியில் இருக்கும் கை, வெளியே கேட்கும் சத்தம், எதிரே இருக்கும் ஒரு பொருள் என்று எது உங்களுக்கு இதமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அதுவும் தியானம்தான், ஒரு படி கீழானது இல்லை. இந்த ஒரு வரியை முதல் மாதமே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் மற்ற எதுவுமே நடந்திருக்காது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

கொஞ்சம் தெளிந்த பிறகு படித்துப் பார்த்தேன். நான் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டாலும் வில்லோபி பிரிட்டனும் தியானத்தால் சிரமப்பட்டவர்களிடம் விரிவாகப் பேசி 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். பயம், தூக்கமின்மை, தான் என்ற உணர்வு மாறிப்போவது எல்லாம் அதில் வருகிறது. 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதாவது பாதகமான அனுபவம் ஏற்பட்டதாகச் சொல்கிறது. பதற்றமும் மனச்சோர்வும்தான் அவற்றில் அதிகம். உளவியல் சிகிச்சைகளிலும் ஏறக்குறைய இதே அளவுதான் என்கிறார்கள், அதனால் மிரண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் முகாமுக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆசான்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஜென் ஆசான் ஹகுயின், இளமையில் அளவுக்கு மீறித் தியானம் செய்து நோயில் விழுந்ததையும், பிறகு தேறியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஜென் நோய் என்று அதற்கு அப்போதே பெயர் இருந்தது. புத்தரின் சீடர் சோணர் பாதம் புண்ணாகி இரத்தம் வரும்வரை நடைத்தியானம் செய்து சோர்ந்து கிடந்தபோது, வீணையின் நரம்பை அதிகம் முறுக்கினாலும் இசை வராது, தளர விட்டாலும் வராது என்று புத்தர் அவருக்கு எடுத்துச் சொன்னார். சின்ன வயதில் கேட்ட கதைதான். எனக்கு அது வேண்டியிருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

தேறியது மெதுவாகத்தான். முதல் ஆறு வாரம் தியானமே இல்லை. தினம் அரை மணி நேரம் அக்காவோடு நடந்தேன், பேசிக்கொண்டே. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு அதிலேயே வந்துவிட்டது, ஓடவும் இல்லை, எடையும் பார்க்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன். எழும் நேரத்தை ஆறரை மணி என்று வைத்துக்கொண்டேன். அந்த விலகல் உணர்வு வரும்போது கண்ணை மூடக்கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். கண்ணைத் திறந்து வைத்து, அறையில் இருக்கும் ஐந்து பொருளைப் பேர் சொல்லிப் பார்ப்பேன். குளிர்ந்த தண்ணீரில் கையை நனைப்பேன், பாதத்தால் தரையை அழுத்துவேன், யாரையாவது கூப்பிட்டுப் பேசுவேன். அது வந்துவிட்டதா, போய்விட்டதா என்று மணிக்கொரு தரம் சோதித்துப் பார்ப்பதை நிறுத்தியதும் அதுவும் வருவதைக் குறைத்துக்கொண்டது. நாலு மாதத்தில் எப்போதாவது ஒரு நாள் என்றாயிற்று. முழுசாகப் போக எட்டு மாதம் ஆனது. மருந்தையும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் விட்டேன், நானாக நிறுத்தவில்லை.

குறிக்கோள்களை என்ன செய்வது என்று வெகுநாள் குழம்பினேன். நோட்டைத் தூக்கி எறியத் தோன்றியது. ஆனால் குறிக்கோளே இல்லாமல் இருந்த இரண்டு மாதமும் எனக்கு நல்லதாக இல்லை, அக்காவோடு நடக்கும் நேரம் போக மீதி நேரம் படுக்கையிலேயே கிடந்தேன். கடைசியில் மூன்று மட்டும் வைத்துக்கொண்டேன். பதினொன்றுக்கு முன் படுப்பது, தினம் நடப்பது, வாரம் ஒரு தடவை யாரிடமாவது அம்மாவைப் பற்றிப் பேசுவது. கோபப்படாமல் இருப்பது, மனம் அமைதியாக இருப்பது என்பவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். அவை நாம் செய்கிற காரியங்கள் இல்லை, வந்தால் வருபவை. கட்டம் போட்டு டிக் அடிக்க ஆரம்பித்தால் கோபம் வருகிற ஒவ்வொரு நாளும் நாமே நமக்குத் தோல்வி மதிப்பெண் போட்டுக்கொள்வோம். கால், கை, கடிகாரம் வைத்துச் செய்ய முடிகிறதை மட்டும் குறிக்கோளாக எழுதுங்கள். எப்போது, எங்கே என்பதையும் அதோடு எழுதுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவேன் என்று எழுதியபோது நடந்தது, தினமும் நடக்க வேண்டும் என்று எழுதியபோது நடக்கவில்லை. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பலன் தருகிறது என்று பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே விளக்கியிருக்கிறார். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன். எந்தக் குறிக்கோளுக்கும் பக்கத்தில் அதை எப்போது கைவிடுவேன் என்றும் எழுதுகிறேன். தியானத்துக்குப் பக்கத்தில் இருப்பது இது: தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டாலோ, உட்கார்ந்து எழுந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் படபடப்பு இருந்தாலோ, அந்த வாரம் முழுக்க விடுப்பு.

முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்கு, எனக்கு ஆன செலவிலிருந்து சில வார்த்தைகள். முகாம், இரண்டு இணைய வகுப்புகள், இரண்டு மாதம் வராத சம்பளம், மருத்துவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நான்கு மாதச் சம்பளம். பணத்தை விட, அம்மாவுக்கு அடுத்த அந்த வருடத்தை அக்காவோடு சேர்ந்து கழிக்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், இரவில் பயம் வந்தால் யாரிடம் போவது, பாதியில் கிளம்ப விடுவார்களா, போன் எப்போது திரும்பக் கிடைக்கும், சிரமப்பட்ட ஒருவரை இதற்கு முன் எப்படிக் கவனித்தார்கள். 'எங்களிடம் யாருக்கும் அப்படி ஆனதே இல்லை' என்று பதில் வந்தால் எனக்கு அது போதும், நான் போக மாட்டேன். முதல் அனுபவமே ஏழு நாளாக இருக்க வேண்டியதும் இல்லை. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய விழிப்புணர்வுப் பயிற்சிகூட எட்டு வாரம் பரவி நடப்பது. வாரம் ஒரு வகுப்பு, மற்ற நாள் வீட்டில், நடுவில் கேள்வி கேட்க ஆள் உண்டு. வீட்டிலேயே இருந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு பழகும்போது ஏதாவது கோணலானால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் பட்டுவிடும். அப்புறம், தனியாகத் தொடங்குவதாக இருந்தாலும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் மாறிப்போனால் எனக்குத் தெரியாது, நீ சொல்லு என்று சொல்லி வையுங்கள். தூக்கமே இல்லாமல் இரண்டு மூன்று நாள் போனாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, சாகத் தோன்றினாலோ பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போது காலையில் நாற்காலியில், கண்ணைப் பாதி திறந்து, பாதத்தைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் உட்காருகிறேன். சத்தங்களைக் கேட்கிறேன். போன வாரம் ஒரு நாள், நானாகத் தேடிப் போகாமலே அம்மாவின் மூச்சு ஞாபகத்துக்கு வந்தது. எண்ணத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பாதத்தை அழுத்தினேன், கண்ணை முழுக்கத் திறந்தேன், எழுந்து அக்காவைக் கூப்பிட்டேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய்விட்டு நாலாவது தரம் இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாரே அம்மா, அதைப் பற்றிப் பேசினோம். அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுதாள், நானும் அழுதேன். அன்று நான் உட்கார்ந்தது ஆறு நிமிடம்.